பல் வைத்தியச் செலவும் இஏ படிவமும்: முதலாளி காட்ட வேண்டியது எது? தொழிலாளி சரிபார்க்க வேண்டியது எது?

பங்சார்: ஆண்டு பிறந்ததும் நிறுவனங்கள் தங்கள் தொழிலாளர்களுக்கு இஏ படிவம் வழங்கத் தொடங்குகின்றன. முந்தைய ஆண்டில் வாங்கிய சம்பளம், போனஸ், அலவன்ஸ், மாதந்தோறும் பிடித்த வரி, இபிஎஃப் சந்தா ஆகிய அனைத்தும் அந்த ஒரே தாளில் அடங்கிவிடும். அதிலுள்ள தொகையைப் பார்த்துத்தான் பிஇ படிவத்தில் வருமானத்தை எழுதுகிறோம். அதனால் இஏ படிவத்தில் ஒரு தொகை தவறான இடத்தில் ஏறிவிட்டால் அந்தத் தவறு நம் வரிக் கணக்கிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படி இடம் மாறக்கூடிய தொகைகளில் ஒன்று பல் வைத்தியச் செலவு. பங்சார், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பகுதிகளில் உள்ள பல அலுவலகங்கள் மருத்துவச் சலுகையோடு பல் வைத்தியச் சலுகையையும் தருகின்றன. சில நிறுவனங்கள் பேனல் கிளினிக்குக்கு நேரடியாகப் பணம் கட்டுகின்றன. சில நிறுவனங்கள் ரசீதைப் பார்த்துப் பணத்தைத் திருப்பித் தருகின்றன. இன்னும் சில, சம்பளத்தோடு சேர்த்து மாதம் ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுகின்றன. தொழிலாளிக்கு மூன்றும் ஒன்றுதான். வரிச் சட்டத்தின் பார்வையில் அவை ஒன்றல்ல.

சட்டம் சொல்வது என்ன?

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13(1)(பி) பிரிவு, முதலாளி தரும் வசதிகளின் மதிப்பையும் தொழிலாளியின் வருமானத்தோடு சேர்க்கச் சொல்கிறது. நிறுவனக் கார், வீட்டுத் தளவாடம் போன்றவை இதில் அடங்கும். அதே பிரிவு சிலவற்றை விலக்கியும் வைக்கிறது. முதலாளி அளிக்கும் மருத்துவ சிகிச்சை, பல் சிகிச்சை, குழந்தைப் பராமரிப்பு மையம் ஆகியவை அந்த விலக்கில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன.

ஆகவே முதலாளி ஏற்பாடு செய்து தரும் பல் சிகிச்சைக்குத் தொழிலாளி வரி கட்ட வேண்டியதில்லை. பல் அடைக்க 150 ரிங்கிட் ஆனாலும், ஞானப்பல்லை எடுக்க 1,500 ரிங்கிட் ஆனாலும் நிலை ஒன்றுதான். இந்த விலக்குக்குச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. நிறுவனம் ஆண்டுக்கு 300 அல்லது 500 ரிங்கிட் என்று வரம்பு வைத்தால் அது நிறுவனத்தின் சொந்த விதி. வரிச் சட்டத்தின் விதி அல்ல.

2008 மதிப்பீட்டு ஆண்டு முதல் இந்த விலக்கு பிரசவச் செலவுக்கும், அங்கீகரிக்கப்பட்ட பாரம்பரிய மருத்துவத்துக்கும் விரிவாக்கப்பட்டது. உள்நாட்டு வருமான வரி வாரியம் வெளியிட்ட 11/2019 எண் கொண்ட பொது விளக்கம் இந்த வகை வசதிகளைப் பற்றியும், 5/2019 எண் கொண்ட விளக்கம் ரொக்கமாகவோ ரொக்கமாக மாற்றக்கூடியதாகவோ வரும் சலுகைகளைப் பற்றியும் பேசுகின்றன. சம்பளக் கணக்கு பார்ப்பவர்கள் இரண்டையும் வாசித்திருப்பது நல்லது.

பணம் எந்த வழியாக வருகிறது?

முதல் வழி, பேனல் கிளினிக். தொழிலாளி அட்டையைக் காட்டுகிறார், சிகிச்சை பெறுகிறார். கிளினிக் நிறுவனத்துக்கு பில் அனுப்புகிறது. இது முதலாளி தரும் பல் சிகிச்சை. இஏ படிவத்தின் 'பி' பகுதியில், அதாவது வரிக்குரிய வருமானப் பகுதியில், இந்தத் தொகை ஏறக்கூடாது. வரிவிலக்குப் பெற்ற அலவன்ஸ், சலுகை, வசதி ஆகியவை நீங்கலாக என்று அந்தப் பகுதியின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கிறது.

இரண்டாவது வழி, ரசீது காட்டிப் பணம் பெறுவது. தொழிலாளி முதலில் தன் கைப்பணத்தைக் கட்டுகிறார், பிறகு ரசீதைக் கொடுத்து அதே தொகையை நிறுவனத்திடம் பெறுகிறார். நடைமுறையில் நிறுவனங்கள் இதையும் சிகிச்சைச் சலுகையாகவே கணக்கில் வைக்கின்றன. ஆனால் அந்தப் பணம் பல் சிகிச்சைக்குத்தான் போனது என்பதற்கு ரசீது மட்டுமே ஆதாரம். ரசீதில் நோயாளியின் பெயர், தேதி, என்ன சிகிச்சை, எவ்வளவு தொகை என்பவை தெளிவாக இருக்க வேண்டும். "மருத்துவச் செலவு 200 ரிங்கிட்" என்று வவுச்சரில் மட்டும் எழுதி வைத்தால், பின்னாளில் தணிக்கை வரும்போது பதில் சொல்வது கடினம்.

மூன்றாவது வழி, ரொக்க அலவன்ஸ். "பல் வைத்திய அலவன்ஸ்" என்று மாதம் 50 ரிங்கிட் சம்பளத்தோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பல் மருத்துவரிடம் போனாலும் போகாவிட்டாலும் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். பெயரில் பல் வைத்தியம் இருந்தாலும் இது சிகிச்சை அல்ல, பணம். எனவே இது வரிக்குரியது. இஏ படிவத்தில் 'பி' பகுதியின் 1(சி) வரிசையில், மற்ற அலவன்ஸ்களோடு சேர்த்துக் காட்டப்பட வேண்டும். மாதாந்திர வரிப் பிடித்தமான பிசிபி கணக்கிலும் இது சேரும். இப்படி மாதந்தோறும் தரும் அலவன்ஸுக்கு இபிஎஃப் சந்தாவும் உண்டு.

ஒரு கணக்கு பார்ப்போம்

மாதம் 50 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 600 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,001 முதல் 50,000 ரிங்கிட் வரையிலான படியில் இருப்பவருக்கு அந்தப் படியின் வரி விகிதம் 6 விழுக்காடு. அலவன்ஸாக வாங்கினால் 36 ரிங்கிட் வரியாகப் போகும். 50,001 முதல் 70,000 வரையிலான படியில் விகிதம் 11 விழுக்காடு. அவருக்கு 66 ரிங்கிட். அதே 600 ரிங்கிட்டை நிறுவனம் பேனல் கிளினிக் வழியாகச் செலவு செய்தால் இருவருக்கும் வரி இல்லை.

ஒருவருக்கு இது சிறிய தொகையாகத் தெரியலாம். ஆனால் எண்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில், பேனல் கிளினிக் பில்லைத் தவறுதலாக அனைவரின் வருமானத்திலும் சேர்த்துவிட்டால், எண்பது பேரும் கட்ட வேண்டாத வரியைக் கட்டுவார்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ரொக்க அலவன்ஸுக்குப் "பல் வைத்தியம்" என்று பெயர் வைத்து இஏ படிவத்தில் காட்டாமல் விட்டால் அது குறைத்துக் காட்டிய வருமானமாகிவிடும். பிஇ படிவத்தில் கையொப்பம் இடுபவர் தொழிலாளி என்பதால், வாரியம் முதலில் கேள்வி கேட்பதும் அவரைத்தான். விடுபட்ட வரியோடு அபராதமும் சேரலாம்.

இஏ படிவம் வரிக்கு மட்டும் பயன்படுவதில்லை. வீட்டுக் கடன், கார் கடன், பிள்ளைகளின் கல்விக் கடன், உபகாரச் சம்பளம் எதற்கு விண்ணப்பித்தாலும் வருமானச் சான்றாக அதையே கேட்கிறார்கள். வருமான வரம்பு வைத்து வழங்கப்படும் உதவிகளில், சேரக்கூடாத தொகை ஒன்று சேர்ந்ததால் வரம்பைத் தாண்டிப் போக நேர்ந்தால் இழப்பு வரியைவிடப் பெரிது. ஆகவே வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவரும் தம் இஏ படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும்.

முதலாளிகள் கவனத்திற்கு

இஏ படிவத்தைப் பிப்ரவரி மாதக் கடைசி நாளுக்குள் தொழிலாளிக்குக் கொடுத்துவிட வேண்டும். முதலாளி வாரியத்திடம் தாக்கல் செய்யும் இ படிவத்துக்குச் சட்டப்படியான கடைசி நாள் மார்ச் 31. மின்னியல் முறையில் தாக்கல் செய்பவர்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டா, எத்தனை நாள் என்பதை ஆண்டுதோறும் வாரியம் அறிவிக்கிறது. இந்தக் கடமைகளைத் தவறவிட்டு, குற்றம் நிரூபிக்கப்பட்டால் 120ஆவது பிரிவின் கீழ் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

வரிவிலக்குப் பெற்றவற்றைக் காட்ட இஏ படிவத்தில் 'எஃப்' என்ற தனிப் பகுதி உள்ளது. எவற்றை அதில் எழுத வேண்டும், எவற்றை எழுதத் தேவையில்லை என்று படிவத்தோடு வாரியம் வெளியிடும் விளக்கக் குறிப்பு பட்டியல் போட்டுச் சொல்கிறது. அந்தந்த ஆண்டின் குறிப்பைப் பார்த்தே நிரப்ப வேண்டும். முந்தைய ஆண்டு படிவத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கக் கூடாது.

ஊழியர்களின் பல் சிகிச்சைக்கு நிறுவனம் செய்யும் செலவு, வியாபாரத்துக்கான ஊழியர் செலவாக நிறுவனத்தின் வருமானத்திலிருந்து கழிக்கத் தகுந்தது. கிளினிக் பில்களையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் குடும்பமாகக் கடை நடத்துபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தனி உரிமையாளராகக் கடை நடத்துபவர் தம் கடையின் ஊழியர் அல்லர். அவருடைய சொந்தப் பல் வைத்தியச் செலவு தனிப்பட்ட செலவு. அதைக் கடைக் கணக்கில் கழிக்க முடியாது. கடையில் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குச் செய்யும் செலவு வேறு, முதலாளி தமக்குச் செய்துகொள்ளும் செலவு வேறு. சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாகப் பதிந்து, அதைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் இயக்குநர்களுக்கும் சில வரிவிலக்குகள் பொருந்தாது. அவர்கள் உரிமம் பெற்ற வரி முகவரைக் கலந்து பேசுவது நல்லது.

பல நிறுவனங்கள் இப்போது பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி, உடற்பயிற்சிக் கூடம் எல்லாவற்றையும் ஒரே தொகைக்குள் அடக்கி, "விருப்பம்போல் செலவு செய்துகொள்ளுங்கள்" என்று விட்டுவிடுகின்றன. சட்டம் பெயர் சொல்லி விலக்கு அளித்திருப்பது மருத்துவ சிகிச்சைக்கும் பல் சிகிச்சைக்கும்தான். மற்றவற்றுக்கான விதி தனித்தனியே பார்க்கப்பட வேண்டியது. ஆகவே ஒரே தொகைக்குள் கொடுத்தாலும், சம்பளக் கணக்கில் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குறியீட்டில் பதிந்து வைப்பதே பாதுகாப்பு. சட்டத்தில் உள்ள சொல் "சிகிச்சை" என்பதால், பல்லை வெண்மையாக்குவது போன்ற அழகுச் செலவுகளுக்கும் முன்கூட்டியே விளக்கம் கேட்டுக்கொள்வது நல்லது.

கைப்பணத்தில் செலவு செய்தவர்கள்

பல் வைத்தியச் சலுகை இல்லாத இடங்களில் வேலை செய்பவர்கள் ஏராளம். முதலாளி பல் சிகிச்சைக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்லவில்லை. பல் மருத்துவர் பரிசோதித்துத் தரும் சான்றிதழுக்கும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்டு என்பதை மட்டும் அதன் 60எஃப் பிரிவு உறுதி செய்கிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள் என்ற மொத்தக் கணக்குக்குள் இது அடங்கும். "பல்வலிக்கெல்லாம் எம்சி செல்லாது" என்று யாராவது சொன்னால் அது சட்டப்படி சரியில்லை.

கைப்பணத்தில் செலவு செய்தவருக்கு வருமான வரியில் ஓர் ஆறுதல் இருக்கிறது. 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல், தமக்கோ கணவன் மனைவிக்கோ பிள்ளைக்கோ செய்த பல் பரிசோதனை, பல் சிகிச்சைச் செலவை 1,000 ரிங்கிட் வரை வரிக் கழிவாகக் கேட்கலாம். இது 10,000 ரிங்கிட் மருத்துவச் செலவுக் கழிவுக்குள் அடங்கிய உள்வரம்பு. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்று, ரசீதும் வைத்திருக்க வேண்டும்.

இங்கே இரண்டு குழப்பங்கள் வருவதுண்டு. ஒன்று, கழிவு என்றால் 1,000 ரிங்கிட் கையில் திரும்பி வரும் என்ற எண்ணம். வரிக்குரிய வருமானத்தில்தான் 1,000 குறைகிறது. 6 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு மிச்சமாவது 60 ரிங்கிட். 11 விழுக்காட்டுப் படியில் 110 ரிங்கிட்.

மற்றொன்று, நிறுவனம் திருப்பிக் கொடுத்த தொகைக்கும் சேர்த்துக் கழிவு கேட்பது. பில் 900 ரிங்கிட், நிறுவனம் 500 கொடுத்தது என்றால், உங்கள் செலவு 400 மட்டுமே. கழிவும் 400க்குத்தான். நிறுவனத்திடம் அசல் ரசீதைக் கொடுக்கும் முன் நகல் எடுத்து, எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று அதன் ஓரத்தில் எழுதி வைத்தால் பின்னால் குழப்பம் வராது.

தோட்டத்தில் இருக்கும் பெற்றோரின் பல்

இன்று அலுவலகங்களும் தனியார் பல் கிளினிக்குகளும் நிறைந்த பங்சார், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அங்கு உழைத்தவர்களில் தமிழர்களும் உண்டு. தோட்டத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் தோட்ட ஆஸ்பத்திரியும் டிரெஸரும்தான் கதி. இன்றும் தோட்ட நிர்வாகம் தன் கிளினிக்கில் தரும் சிகிச்சை, முதலாளி தரும் சிகிச்சைதான். அது தொழிலாளியின் வருமானத்தில் சேராது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவுடன் அந்த வசதி முடிந்துவிட்டால், அதன் பிறகு அம்மா அப்பாவின் பல்வலிக்குச் செலவு செய்வது கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை செய்யும் பிள்ளைகள்தான்.

பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. அதில் பல் சிகிச்சையும் அடங்கும். ஆனால் இங்கே எல்லைக்கோடு கறாராகப் போடப்பட்டுள்ளது. பல் பிடுங்குவது, அடைப்பது, கறை நீக்கிச் சுத்தம் செய்வது ஆகியவற்றுக்குக் கழிவு உண்டு. பல்லுக்கு உறை போடுவது, வேர் சிகிச்சை, பல் செட் ஆகியவற்றுக்குக் கிடையாது. அவை அழகு சார்ந்த செலவுகள் என்ற பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. பெற்றோர் மலேசியாவில் வசிக்க வேண்டும், சிகிச்சையும் மலேசியாவிலேயே நடந்திருக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது பல் செட்தான். அது இல்லாமல் சோற்றை மென்று சாப்பிடுவதே சிரமம். அதை அழகுச் செலவோடு சேர்த்து வைத்திருப்பது பொருத்தமா என்ற கேள்வி நியாயமானது. வரவு செலவுத் திட்டத்துக்கு நிதியமைச்சு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது தொழிற்சங்கங்களும் பொது அமைப்புகளும் எடுத்துச் சொல்லத்தக்க கோரிக்கை இது. விதி மாறும்வரை, பல் செட் ரசீதைப் பெற்றோர் மருத்துவச் செலவில் சேர்க்க வேண்டாம். ஒரே வருகையில் பல் பிடுங்கி, பல் செட்டுக்கும் அளவு எடுத்திருந்தால், இரண்டுக்கும் தனித்தனித் தொகை போட்டு ரசீது தரும்படி கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். பல் பிடுங்கிய தொகைக்காவது கழிவு கிடைக்கும்.

அண்டை நாடுகளில் எப்படி?

ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மவர்கள் பலர். அங்கேயும் எல்லா ஊழியர்களுக்கும் பொதுவாக வழங்கப்படும் பல் சிகிச்சைச் சலுகைக்கு ஊழியரிடம் வரி இல்லை. ஆனால் எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பிரிட்டனில் முதலாளி கட்டும் பல் காப்புறுதிச் சந்தா ஊழியரின் வருமானமாகக் கருதப்பட்டு, வரித் துறைக்குத் தெரிவிக்கப்படுகிறது. வெளிநாட்டுத் தலைமையகத்தின் சம்பள மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுவனங்களில், அந்நாட்டு வழக்கம் இங்குள்ள கணக்கில் புகுந்துவிடாமல் மனிதவளப் பிரிவு பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிவம் கையில் வந்ததும் செய்ய வேண்டியவை

1. இஏ படிவத்தின் 'பி' பகுதித் தொகையை, 12 மாதச் சம்பளச் சீட்டுகளின் மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக ஏதும் தெரிந்தால் அது என்ன என்று கேளுங்கள்.

2. பேனல் கிளினிக் பில்லோ, ரசீது காட்டிப் பெற்ற பல் சிகிச்சைத் தொகையோ 1(சி) வரிசையிலும், பொருள் வசதிகளுக்கான 3ஆவது வரிசையிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருக்கக்கூடாது.

3. மாத அலவன்ஸாக வாங்கியிருந்தால் அது 'பி' பகுதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் "லாபம்தானே" என்று விட்டுவிடாதீர்கள், திருத்தச் சொல்லுங்கள்.

4. தவறு இருந்தால் மனிதவளப் பிரிவுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, திருத்திய இஏ படிவத்தைக் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியைவிட மின்னஞ்சல் நல்லது; தேதியோடு பதிவு இருக்கும்.

5. பிஇ படிவத்துக்குச் சட்டப்படியான கடைசி நாள் ஏப்ரல் 30. அதற்குள் திருத்திய படிவம் கைக்கு வரும்படி மார்ச் மாதமே கேட்டுவிடுங்கள்.

6. தவறான தொகையோடு முன்பே தாக்கல் செய்து கூடுதல் வரி கட்டியிருந்தால், அதைச் சரிசெய்யக் கோரும் வழி சட்டத்தில் இருக்கிறது. பழைய இஏ, திருத்திய இஏ, கிளினிக் ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு வாரியத்தின் கிளையை அணுகுங்கள்.

7. கைப்பணச் செலவு, பிள்ளைக்கான செலவு, பெற்றோருக்கான செலவு என்று மூன்று உறைகளில் ரசீதுகளைப் பிரித்து, ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள். சில ரசீதுகளின் அச்சு நாளடைவில் மங்கிவிடும். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் வாரியத்தின் 03-8911 1000 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். மைடாக்ஸ் தளத்திலும் விளக்கக் குறிப்புகள் கிடைக்கின்றன. இணையத் தாக்கலுக்குத் தடுமாறும் பெரியவர்கள் வீட்டிலோ லயத்திலோ இருந்தால், கடைசி வாரம்வரை காத்திருக்காமல் பிள்ளைகள் ஒருநாள் உட்கார்ந்து அவர்களின் இஏ படிவத்தையும் ரசீதுகளையும் சேர்த்துப் பார்த்துக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.